கைமாத்து

தேசப்பனுக்கு வலது மோதிரவிரல் மடங்காது.
காசிமேடு, ஐஸ் உடைக்கிற மெஷின், விடிகாலை மூன்று மணி.
மீதியை யாரோ கோழிக்கிறுக்கலில்
கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார்கள்.

கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடுங்கள் என்றேன்.
தொட்டார்.
அப்படியே மணிக்கட்டை உள்பக்கம் மடக்குங்கள்.
பலருக்கு அங்கே நட்டநடுவில்
தோலைத் தூக்கிக்கொண்டு ஒரு கயிறு எழும்பும்.
அவருக்கு எழும்பவில்லை.
அடுத்த கையிலும் இல்லை.
"இன்னா மேடம், நம்மகிட்ட ஸ்டாக் இல்லியா?"

சிலருக்கு இருக்காது.
இருப்பவர்களுக்கும் அதனால் பெரிய வேலை ஒன்றும் நடப்பதில்லை.
அதனால்தான் விரலில் நாண் அறுந்தால்
டாக்டர்கள் முதலில் அதனிடம் போய் நிற்கிறார்கள்.
சும்மா கிடக்கிற காசைத்தானே
கைமாத்தாகக் கேட்க முடியும்.

விரலை மடக்குகிற தசை
விரலில் இல்லை என்றால் நம்பமாட்டேன் என்கிறார்.
முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், பிடித்துப் பாருங்கள்.
இப்போது நடுவிரலை மடக்குங்கள்.
துடிக்கிறதா?
இழுப்பவன் அங்கே இருக்கிறான்.
நடுவே நீளநீளமாய் நாண்கள்.
மணிக்கட்டில் கூழாங்கல் போல எட்டு எலும்பு,
அதன் மேல் ஒரு பட்டை, இடையில் ஒரு சந்து.
அந்தச் சந்துக்குள் ஒன்பது நாணும் ஒரு நரம்பும்
காலை எட்டரைக்குக் கொருக்குப்பேட்டையில் நிற்கிற
கும்மிடிப்பூண்டி வண்டியின் கதவோரமாய்
நெருக்கிக்கொண்டு.

நரம்பு வேறு, நாண் வேறு என்றேன்.
நரம்பு சேதி கொண்டுபோகும்,
நாண் இழுக்கும், அவ்வளவுதான்.
"தூண்டில்ல கட்றோமே,
அதுக்குப் பேரே நரம்புதான் மேடம்.
மீனு கடிச்சா சேதியும் அதுலதான் வரும்,
இழுக்குறதும் அதாலதான்."
நாலரை வருடம் படித்தேன்.
இந்தக் கேள்வி வரவேயில்லை.

கால்தான் வழி என்று முடிவாயிற்று.
கெண்டைச் சதைக்கு அடியில்
எலிவால் மாதிரி மெல்லிசாய் ஒன்று ஓடும்,
எடுத்தாலும் நடை கெடாது.

அன்றைக்குக் கோமளா கஞ்சித் தூக்கோடு வந்திருந்தாள்.
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தவள்
தூக்கைக் கீழே வைத்துவிட்டு
கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து
மணிக்கட்டை மடக்கினாள்.
ரெண்டு கையிலும், அடேயப்பா,
பாய்மரக் கயிறு போல விறைத்து நின்றது.
கூடை தூக்கும் கை. செதில் காய்ந்து
புறங்கையில் மின்னியது.
"இதுல ஒண்ண எடுத்து வையுங்க.
எனுக்கு ஒண்ணு போதும்."

அப்படிச் செய்யமாட்டார்கள் கோமளா.
அவரவர் உடம்பிலிருந்துதான்.
"ஏன், ஒரே வூட்லதான இருக்கோம்?"

கம்மலை அடகு வைத்த ரசீது
அவள் ஜாக்கெட்டுக்குள் இருப்பது எனக்குத் தெரியும்.
கையை உடனே இறக்கவில்லை அவள்.
யாராவது மனசு மாறுவார்கள் என்பதுபோல
நீட்டியபடியே கொஞ்சநேரம் நின்றாள்.

ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது வாரம்.
ஸ்பாஞ்சை அமுக்கு, துணிக்கிளிப்பைத் திற,
தட்டில் கொட்டிய சோளத்தை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கு.
"கால்ல இருந்தது இல்லியா மேடம்,
கைவேலை கத்துக்க நாள் ஆவும்."
அவரே அதற்குச் சமாதானம் சொல்கிறார்.
காலுக்கு எப்போது திருப்பித் தருவது என்று
ஒருநாள் கேட்டார். விளையாட்டாகத்தான்.
நான் சிரித்தேன். கோமளா சிரிக்கவில்லை.

நேற்று ஷேர் ஆட்டோவில்
என் கையையும் மடக்கிப் பார்த்தேன்.
இடதில் உண்டு. வலதில் இல்லை.
இத்தனை நாள் தெரியாது.

மோதிரவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே
ஸ்கேலை நிறுத்தி அளப்பது என் வேலை.
போன வாரம் மூன்று சென்டிமீட்டர்.
இன்றைக்கு இரண்டு புள்ளி இரண்டு.
எழுதிக்கொண்டிருக்கும்போதே
"இருங்க மேடம், இன்னொரு தபா" என்கிறார்.